ஒன்றரை மடங்கு

மார்ச் 11, செவ்வாய். மதிய இடைவேளை.

இன்று காலை என்னுடைய சிறு தவறு ஒன்று தெரியவந்தது. படகின் வரைபடத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கிய கணக்கு சரி. ஆனால் பெரிதாக்கக் கூடாத ஒன்றையும் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டேன். குறுக்குச் சட்டங்களும் அடிப்பலகையும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்வதற்கான வெட்டு மூல வரைபடத்தில் 3 மில்லிமீட்டர் அகலம். எங்கள் தாளில் 4.5. எங்களிடம் இருக்கும் பிளைவுட்டின் கனம் அப்போதும் 3, இப்போதும் 3. பஸ்கார அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. மாலை ஏழு மணிக்குச் சோதனை.

எழுதியதைப் படித்துப் பார்த்தாள். ‘சிறு’ என்ற சொல்லை அடித்தாள். அடித்த பிறகு தவறு மலை மாதிரி தெரிந்தது. மறுபடியும் மேலே ‘சிறு’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நோட்டை மூடினாள்.

அக்காவின் தையல் கடையில், துணி வெட்டும் நீள மேசையின் ஓரத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதினாள். கடையில் மூன்று தையல் இயந்திரம், ஒரு மேசை, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் அட்டை மாதிரிகள். ஆஸ்பத்திரி கோட், சமையல்கூட மேலங்கி, பட்டறைச் சட்டை என்று வேலைக்குப் போட்டுக்கொள்ளும் உடுப்பு மட்டுமே தைப்பார்கள். அக்கா ஒரு மாதிரியைப் போட்டுக் கொடுத்தால், அதையே சின்ன அளவு, நடு அளவு, பெரிய அளவு என்று பிரித்து அட்டை வெட்டுவது தங்கையின் வேலை. ஐந்து வருடமாகச் செய்கிறாள்.

வெட்கக்கேடே அதுதான். காலையில் ஒரு கோட்டின் கையைப் பெரிய அளவுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். தையல் ஓடும் கோட்டை முதலில் பெரிதாக்கினாள். அப்புறம் அதைச் சுற்றி, தையலுக்கு விடும் துணிக்காக, எப்போதும் போல ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு கோடு இழுத்தாள். கோட் எவ்வளவு பெரிதானாலும் தையலுக்கு விடுவது அதே ஒன்றரைதான். ஆள் குண்டாகலாம், தையல் குண்டாகாது. யோசிக்காமலே கை செய்கிற வேலை. தோள் வளைவில் பாதி வந்தபோது அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது.

பிளைவுட்டும் அப்படித்தானே?

படகு பெரிதாகலாம். கடையில் விற்கிற பலகை அதற்காகக் கனத்துக்கொள்ளுமா?

“ஏய், கோட்டுக்குக் கை ஒண்ணுதானா? பேனாவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே” என்றாள் அக்கா, இயந்திரத்தை நிறுத்தாமல்.

“ரெண்டுதான்கா.”

“அப்ப ரெண்டையும் வெட்டு.”

படகுக் கதை தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. தொழிற்பயிற்சிக் கூடத்தில் செவ்வாய், வெள்ளி, சனி மாலைகளில் மாதிரிப் படகு கட்டும் வகுப்பு. இரண்டு இரண்டு பேராகச் சேர்த்துவிட்டார்கள். அவளுக்கு ஜோடியாக வந்தவர் பதினாலாம் எண் பஸ்ஸின் ஓட்டுநர். நாற்பத்தைந்து வயது, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய விரல்கள். முதல் நாளே அவள் பென்சிலைச் சீவி, அளவுகோலைத் துடைத்து, தாளின் நான்கு மூலையையும் ஒட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, நீதான் கணக்கு. நான் ரம்பம்” என்றார். அன்றிலிருந்து அவளுக்குக் ‘கணக்கு’ என்பதே பெயர்.

அவர்களுக்குக் கிடைத்தது துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துப்போகும் ஒரு படகின் வரைபடம். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. நிஜப் படகு இருபத்திரண்டு மீட்டர் என்றால் மாதிரி நாற்பத்தாறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பஸ்காரர் வரைபடத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். பாதிப் படகு காணாமல் போனது.

“இது என் விரலுக்குப் பத்தாது, கணக்கு. பெருசு பண்ணு.”

“முப்பத்திரண்டுல ஒண்ணு ஆக்கலாம்ணே.”

“என்னது, நாப்பத்தெட்டைவிட முப்பத்திரண்டு சின்னதாச்சே! பெருசு பண்ணச் சொன்னா சுருக்குறியே.”

“ஒரு ரொட்டியை நாப்பத்தெட்டுத் துண்டு போட்டா ஒரு துண்டு பெருசா இருக்குமா, முப்பத்திரண்டு போட்டா பெருசா இருக்குமா?”

அவர் சற்று யோசித்தார். “ரொட்டின்னு முதல்லயே சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும்ல.”

நாற்பத்தெட்டை முப்பத்திரண்டால் வகுத்தாள்: ஒன்றரை. வகுத்ததைத் தலைகீழாகப் பெருக்கிச் சரிபார்த்தாள். அதையும் நம்பாமல் படகின் நீளத்தை வைத்து இன்னொரு தடவை போட்டாள்: அறுபத்தெட்டே முக்கால் சென்டிமீட்டர். எல்லாம் ஒத்துப்போயின. ஒத்துப்போனதாலேயே சந்தேகம் வந்தது. அது அவள் சுபாவம். நகல் கடையில் நூற்றைம்பது சதவீதம் என்று சொல்லி எடுத்த தாளை வாங்கிய இடத்திலேயே விரித்து, ஓரத்தில் இருந்த அளவுக் கோட்டை அளந்தாள். நிஜத்தில் பத்து மீட்டரைக் குறிக்கும் கோடு அது. 312.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 311 தான் இருந்தது.

“ஒன்றரை மில்லிமீட்டர் முழுங்கிருச்சு” என்றாள்.

“யாரு?” என்றார் நகல் கடைக்காரர், சுற்றுமுற்றும் பார்த்து.

“உங்க மெஷின்தான்.”

நூற்றைம்பத்தொன்று போட்டு மறுபடி எடுக்கவைத்தாள். அப்போது அரை மில்லிமீட்டர் கூடிப்போனது. அந்த அரை மில்லிமீட்டரை நினைத்து மூன்று நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ‘ஏற்கத்தக்க பிழையா?’ என்று நோட்டில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். அளவுக் கோட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், அதே தாளில், அதே ஒன்றரை மில்லிமீட்டர், பதினெட்டு வெட்டுகளிலும் உட்கார்ந்துகொண்டு அவளையே பார்த்ததைப் பார்க்கவில்லை.

இன்றைய சோதனையில் என்ன போகும் என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் ஆறு ஜோடி. அடுத்த கட்டம், சட்டங்களின் மேல் பலகை பதித்து உடம்பை மூடுவது. அதற்கு நான்கு மேசைதான். அடிப்பலகையின் மேல் ஒன்பது குறுக்குச் சட்டத்தையும் பசை இல்லாமல் செருகிக் காட்ட வேண்டும். மீனின் முள்ளெலும்பு மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டும், ஆடக் கூடாது. நிற்கிற முதல் நான்கு ஜோடிக்கு மேசை.

அக்காவிடம் செய்துகொண்ட ஒப்பந்தமும் இந்தச் சோதனையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. “செவ்வாய்க்கிழமை தேறினா கோடை முடியிற வரைக்கும் சாயங்காலம் உன்னோடது. தேறலைன்னா புதன்கிழமையிலேருந்து எல்லா நாளும் ஏழரை வரைக்கும் கடை. பேச்சு மாறக் கூடாது.” அக்கா கல்நெஞ்சக்காரி இல்லை. நாற்பது ஆஸ்பத்திரி கோட் மேசையில் கிடந்தது. மாமா வெளியூர் வேலைக்குப் போய் எட்டு மாதம். இன்னும் ஓர் ஆள் வைக்கக் கட்டாது.

தங்கைக்கு அந்த மாலைகள் எதற்கு வேண்டும்? கடையில் அவள் போடும் கணக்கெல்லாம் யாரோ ஒருவரின் உடம்போடு கிளம்பிப் போய்விடும். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டவர் அதை மறந்துவிடுவார். மறந்தால்தான் அது நல்ல கோட். படகில் அப்படி இல்லை. அவள் வைத்த கோடு வைத்த இடத்திலேயே இருந்தது. இன்னும் ஒரு கட்டம் தாண்டினால் சொந்தமாக வரையச் சொல்லித்தருவார்கள். இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. நோட்டில்கூட ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

ஐந்து மணிக்கே கத்தரிக்கோலைத் தொங்கவிட்டாள்.

“என்ன, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம்?” என்றாள் அக்கா.

“ஒரு பஸ்ஸைப் பிடிக்கணும்கா.”

“நடந்து போற தூரத்துக்கு எதுக்கு பஸ்?”

“அந்த பஸ்தான் வேணும்.”

பஸ்காரர் வண்டியில் இருக்கும்போது போனைத் தொட மாட்டார். அவருடைய கடைசி நடை ஐந்து பத்துக்குக் கடை முனை நிறுத்தத்தைத் தாண்டும். அவள் ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைக்கு மேலே ‘வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்கள்’ என்று சிவப்பில் எழுதியிருந்தது.

கண்ணாடியில் அவர் அவளைப் பார்த்தார். “என்ன கணக்கு, அதிசயமா?”

“அண்ணே, சட்டம் வெட்டிட்டீங்களா?”

அவர் ஒரு விரலைத் தூக்கி அறிவிப்பைக் காட்டினார். அடுத்த சிக்னலில் வண்டி நின்றதும் தானே திரும்பினார். “ஒன்பதும் வெட்டியாச்சு. நேத்து லீவு பூரா அதுதான் வேலை. வெண்ணெயில கத்தி போன மாதிரி போச்சு. வீட்டுல பாத்துட்டு, சோறு வேண்டாமான்னு கேக்குறாங்க.”

“பொருத்திப் பாத்தீங்களா?”

“சேந்து பொருத்தலாம்னு நீதானே சொன்னே. ஏன், முகம் ஒரு மாதிரியா இருக்கு?”

பச்சை விழுந்தது. அவர் திரும்பிக்கொண்டார். அவளுடைய வாயில் சொல் தயாராக இருந்தது. அறிவிப்புக்குக் கட்டுப்பட்டு அதை அடுத்த நிறுத்தம்வரை மென்றாள். முன்சீட்டில் காய்கறிப் பையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

“டிரைவர் தம்பி, அந்தப் பொண்ணு என்னமோ சொல்ல வந்துட்டுத் தவிக்குது. ஒரு நிமிஷம் காதைக் குடேன்.”

நிறுத்தத்தில் கதவு திறந்தது. ஆட்கள் இறங்குவதற்குள் அவள் சொல்லி முடித்தாள். “என்னாலதான்ணே. வரைபடத்தைப் பெருசாக்கும்போது வெட்டும் சேந்து பெருசாயிருச்சு. ஒன்றரை மில்லிமீட்டர் அகலம் அதிகம்.”

“எந்த வெட்டு?”

“எல்லா வெட்டும்.”

“இதுக்கா பஸ் ஏறி வந்தே? நான் தினமும் இந்த வண்டியை ரெண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு ஓட்டிக்கிட்டு இருக்கேன். ஒன்றரை மில்லிமீட்டராம்!”

“உனக்கு வேணும்னா ஒரு சாண் பத்தும்” என்றாள் காய்கறி அம்மா. “அந்தப் பொண்ணு கணக்குல அது பத்தாதுபோல.”

ஆறு மணிக்குப் பயிற்சிக் கூடத்தின் மூன்றாம் மேசையில், பஸ்காரர் சாக்குப் பையிலிருந்து சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அழகாக வெட்டியிருந்தார். விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. மணல்தாள் வேறு போட்டிருந்தார். நடுச் சட்டத்தை எடுத்து அடிப்பலகையின் வெட்டில் செருகினாள். விட்டதும் அது சாய்ந்தது. நிமிர்த்தினாள். மறுபக்கம் சாய்ந்தது.

பஸ்காரர் அதை ஒரு விரலால் அசைத்துப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. “விழப்போற பல்லு மாதிரி ஆடுது” என்றார் மெதுவாக. பிறகு, “ஒன்பதுமா?”

“ஒன்பதும்.”

“ஏழு மணிக்குள்ள மறுபடி வெட்ட முடியாது.”

“முடியாதுண்ணே.”

அவர் கன்னத்தைச் சொறிந்தார். வண்டியில் டிக்கெட் கொடுப்பதும் அவர்தான்; சட்டைப் பைக்குள் கைவிட்டு, அன்று மதியம் மாற்றிய டிக்கெட் சுருளின் மிச்சத்தை எடுத்தார். ஒரு டிக்கெட் நீளத்துக்குக் கிழித்து, மடித்து, மடித்து, இடைவெளியில் செருகினார். சட்டம் நின்றது. ஆனாலும் லேசாக அசைந்தது.

“இன்னும் கொஞ்சம் கனம் வேணும். சோதனை முடிஞ்சதும் உருவிடலாம். அப்புறம் சாவகாசமா வேற வெட்டிக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. “நாலு மடி மடிச்சா பதினாறு அடுக்கு. ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவா வரும். அதோட மூணு மடிச்சது ஒண்ணு சேத்தா இருபத்துநாலு அடுக்கு. கிட்டத்தட்ட ஒன்றரை வந்துரும்.”

“பாத்தியா, இதுக்குத்தான் கணக்கு வேணுங்கிறது!”

கை ஓட ஆரம்பித்துவிட்டது. அவர் கிழிக்க, அவள் மடிக்க, இருவருமாகச் செருகினார்கள். தவறைச் செய்வதிலும் அவளுக்கு ஒழுங்கு வேண்டியிருந்தது; எல்லா மடிப்பையும் ஒரே பக்கமாக, படகின் முன்புறம் பார்த்து வைத்தாள். அப்போதுதான் சட்டங்களுக்கு இடையிலான தூரம் மாறாது. ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒன்பது சட்டமும் அடிப்பலகையின் மேல் விறைப்பாக நின்றன. நீட்டிக்கொண்டிருந்த காகித முனைகளை பஸ்காரர் நகத்தால் உள்ளே தள்ளினார். குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

பயிற்சியாளர் வந்தார். பகலில் படகுத் துறையில் வரைபடம் போடுகிறவர். முப்பது வயது இருக்காது. காதில் எப்போதும் ஒரு பென்சில். எல்லோரும் மேடம் என்பார்கள். கரும்பலகையில் ஏற்கெனவே மூன்று ஜோடிக்கு நேராக ‘சரி’ குறி விழுந்திருந்தது. மூன்றாம் மேசைக்கு வந்து மூலைமட்டத்தை ஒவ்வொரு சட்டத்தின் மேலும் வைத்துப் பார்த்தார். நுனியை விரலால் தள்ளிப் பார்த்தார். எதுவும் அசையவில்லை.

“சுத்தமான வெட்டு” என்றார் பஸ்காரரிடம். கரும்பலகைக்குப் போய் நாலாவது குறியைப் போட்டார். “அடுத்து யாரு, ஆஸ்பத்திரி கூட்டணியா?”

ஆஸ்பத்திரி கூட்டணி என்பது பக்கத்து மேசை. மருந்துக்கடைக்காரரும் அவருடைய மைத்துனரும். மைத்துனர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தார். நாலு குறியும் முடிந்துவிட்டது. “நம்மது நின்னு என்ன பிரயோஜனம், மாப்ள” என்றார் மருந்துக்கடைக்காரர். அவர்களுடைய படகு நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தது.

பஸ்காரர் அவள் முழங்கையைத் தட்டினார். “முடிஞ்சுது. போய்த் தண்ணி குடி. வேர்த்துக் கொட்டுது உனக்கு.”

அவள் நகரவில்லை. மேசை கிடைத்துவிட்டது. மாலைகள் கிடைத்துவிட்டன. அக்காவிடம் ‘தேறிட்டேன்’ என்று சொல்லலாம், அது பொய்கூட இல்லை. ஆனால் இன்றைய தேதியில் நோட்டில் என்ன எழுதுவது என்று நினைத்துப் பார்த்தாள். எழுதுவதற்கு ஒரு வரி வரவில்லை. இருபத்துநாலு அடுக்கு என்று எழுதலாமா? அதற்கு முன்னால் அவளுடைய கால் நடந்துவிட்டது.

“மேடம், எங்களுது நிக்கலை.”

பயிற்சியாளர் திரும்பினார். “இப்பதானே பாத்தேன்?”

“உள்ள காகிதம் வெச்சிருக்கோம்.”

கூடத்தில் மணல்தாள் சத்தம் நின்றது. பஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பயிற்சியாளர் மூன்றாம் மேசைக்கு வந்து, குனிந்து, நடுச் சட்டத்தின் இடுக்கிலிருந்து நகத்தால் ஒரு மடிப்பை உருவினார். சட்டம் தலையைச் சாய்த்தது. மடிப்பைப் பிரித்தார், பிரித்துக்கொண்டே போனார்.

“பதினாலாம் எண். ஒரு வழிப் பயணம்” என்று வாசித்தார். “எதுவரைக்கும் போறதா உத்தேசம்?”

மைத்துனர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். பஸ்காரர் கண்ணைத் திறந்து, “யோசனை என்னோடது மேடம். அவ வெறும் அடுக்கு எண்ணினா, அவ்வளவுதான்” என்றார்.

“வெட்டைப் பெருசாக்கினது நான்தான்” என்றாள் அவள். அதற்குப் பிறகு நிறுத்தாமல் சொன்னாள்: நாற்பத்தெட்டு, முப்பத்திரண்டு, நூற்றைம்பத்தொன்று, மூன்று, நாலரை. பயிற்சியாளர் சுவரில் ஒட்டியிருந்த அவர்களுடைய வரைபடத்தின் அருகே போனார். மூலையில் அவருடைய கையெழுத்தும் இருந்தது.

“நானும் அளவுக் கோட்டை மட்டும் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கேன்” என்றார். “சரி. எப்படிச் சரி பண்ணுவே? புதுசா ஒன்பது வெட்டப்போறியா?”

மதியம் சோற்றை அளைந்துகொண்டே அவள் இதைத்தான் யோசித்திருந்தாள். “வெட்டைச் சின்னதாக்க முடியாது. அதனால பலகையைப் பெருசாக்கலாம். கிடங்குல ஒன்றரை மில்லிமீட்டர் பிளைவுட் இருக்கு. ஒவ்வொரு சட்டத்தோட முன்பக்கத்துலயும் அதே வடிவத்துல ஒண்ணு வெட்டி ஒட்டினா மூணு நாலரை ஆயிரும். அடிப்பலகைக்கும் அப்படியே.”

“கனம் கூடுமே. படகு முங்காதா?”

“மரத்தோட எடை நீளத்துல ஒன்றரை, அகலத்துல ஒன்றரை, கனத்துல ஒன்றரை, மொத்தம் மூணே கால் மடங்குக்கு மேல கூடும். ஆனா படகு தள்ளுற தண்ணியும் அதே மடங்குதான் கூடுது. மூணு மில்லிமீட்டரோட விட்டாத்தான் படகு லேசாகி, தண்ணி நிக்க வேண்டிய கோட்டுக்கு மேல மிதக்கும். அப்புறம் ஈயம் போட்டு அமுக்கணும்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “மூணு தடவை போட்டுப் பாத்தேன். தப்பா இருந்தாலும் இருக்கலாம்.”

“தப்பு இல்லை.” பயிற்சியாளர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, மறுபடியும் காதிலேயே வைத்தார். கரும்பலகையில் நாலாவது குறியைக் கையால் அழித்தார். மருந்துக்கடைக்காரரின் மேசைக்குப் போய் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து, அதே குறியை அவர்களுக்குப் போட்டார். மருந்துக்கடைக்காரரும் மைத்துனரும் சந்தோஷப்படுவதா கூடாதா என்று தெரியாமல் அவளைப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டினாள்.

“நாலு மேசையும் போயிருச்சு” என்றார் பயிற்சியாளர். “கிடங்குக் கதவுகிட்ட ஒரு பழைய பெஞ்சு கிடக்கு. ஒரு கால் குட்டை. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஒன்பதும் காகிதம் இல்லாம நின்னா, அதுல உக்காந்து வேலை பாருங்க. நிக்கலைன்னா அடுத்த வருஷம்.”

“பெஞ்சோட குட்டைக் காலுக்கு டிக்கெட் மடிச்சு வைக்கலாமா மேடம்?” என்றார் பஸ்காரர்.

“அதுக்கு மட்டும் வெச்சுக்கோங்க.”

வெளியே வந்ததும் அவள் நின்றாள். “கோவமாண்ணே?”

“சொல்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கண்ணு காட்டியிருக்கலாம். நான் பாட்டுக்கு மீசையை முறுக்கிட்டு நின்னேன்.” கொஞ்ச தூரம் நடந்தார். “வெட்டினது வீணாப் போகலைல்ல? அது போதும். ஒட்டுறது எங்க? எங்க வீட்டுல மேசைன்னு ஒண்ணு கிடையாது. இருக்கிற ஒண்ணுல சாப்பாடு நடக்குது.”

அவள் கடைப் பக்கம் திரும்பி நடந்தாள்.

கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா கோட்டுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். வாயில் நூல் இருந்ததால் புருவத்தால் கேட்டாள்.

“தேறலைக்கா. வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை.”

அக்கா நூலைக் கடித்தாள். “என்ன ஆச்சு?”

“வரைபடத்தைப் பெருசாக்கினப்ப செருகுற வெட்டும் சேந்து பெருசாயிருச்சு.”

அக்கா ஊசியை நிறுத்தினாள். “தையலுக்கு விடுற துணியையும் சேத்துப் பெருசாக்கிட்டியா? நீயா?” சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, பொத்தான் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். “போன வாரம்தானே இதுக்காகப் புதுசா வந்த பொண்ணைப் போட்டு அந்தத் திட்டுத் திட்டினே!”

“தெரியும்கா. போதும்.”

சிரிப்பு ஓய்ந்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “செவ்வாய்க்கிழமைன்னுதான் பேச்சு.”

“ஆமா.”

“நாப்பது கோட் வியாழக்கிழமை போகணும்.”

“அதுவும் தெரியும். நாளைக்கும் வியாழக்கிழமையும் ஏழரை வரைக்கும் இருக்கேன். வெள்ளி மட்டும் விடு. நின்னா நிக்கட்டும். நிக்கலைன்னா அதுக்கப்புறம் நானே கேக்க மாட்டேன்.”

அக்கா அடுத்த கோட்டை இழுத்து மடியில் போட்டாள். பொத்தான் துளையை விரலால் தேடினாள். “அப்ப அந்தச் சட்டமெல்லாம் எப்ப ஒட்டுவே?”

“கடை திறக்கிறதுக்கு முன்னாடி. இந்த மேசை வேணும். எட்டரை வரைக்கும்.”

“பசை ஒரு சொட்டுத் துணியில பட்டாலும் படகு குப்பைக்குப் போயிரும்.”

“பழைய விரிப்பைப் போட்டுக்கறேன்.”

“அந்த டிரைவரும் வருவாரா?”

“நாளைக்கு மதியம்தான் அவருக்கு வண்டி. ஆறரைக்கு வரச் சொல்றேன்.”

“டீ நீதான் போடணும். நான் எழுந்திருக்க மாட்டேன்.” ஊசியில் நூலைக் கோத்தாள். “ஒட்டினதுக்கு மேல என்ன பாரம் வைப்பே?”

அதை மட்டும் அவள் யோசித்திருக்கவில்லை. அக்கா முகவாயால் சுவரோரம் அடுக்கியிருந்த துணிக்கட்டுகளைக் காட்டினாள். கோட்டுத் துணி, பெரிய கட்டு, ஒவ்வொன்றும் பதினைந்து கிலோ. “மேலே பிளாஸ்டிக் போட்டு வை.”

தங்கை மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். நடந்ததை முதலில் எழுதினாள். காகிதம் வைத்ததையும், எத்தனை அடுக்கு என்பதையும் சேர்த்து எழுதினாள். அழித்த குறியையும் எழுதினாள். ஒன்றரை மடங்கு என்ற கணக்கை நாலாவது தடவையாகப் போட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு வரி விட்டு, நாளைய தேதியைப் போட்டாள்.

மார்ச் 12, புதன். காலை 6.00: கிடங்குக் காவலரிடம் 1.5 மி.மீ. பிளைவுட் இரண்டு தாள் வாங்க வேண்டும். கனத்தை மூன்று இடத்தில் அளந்து பார்த்து வாங்க வேண்டும். 6.30: அண்ணன் வருகிறார், மெல்லிய ரம்பமும் கிளிப்புகளும் அவர் பொறுப்பு. முதலில் அடிப்பலகை. பிறகு நடுச் சட்டம், அதிலிருந்து இரண்டு பக்கமும். எல்லாச் சட்டத்துக்கும் முன்புறமாக ஒட்ட வேண்டும். 8.15க்குள் ஐந்தாவது ஒட்டி, எல்லாவற்றையும் சுவரோரத் தரையில் வைத்து, பிளாஸ்டிக் போட்டு, துணிக்கட்டு ஏற்ற வேண்டும். மீதி நான்கு வியாழன் காலை. 8.30: மேசை துடைத்துக் கொடுக்க வேண்டும்.